இத்தாலிக்காரன் சொல்லாதது

மெப்பல்,
செவ்வாய்க்கிழமை, காலைக் காபிக்குப் பிறகு

அன்புள்ள ஃபெம்மிக்கு,

நான் நலம். உன் நலத்தை ஞாயிறுதோறும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் கடிதம் என்றால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டுமாம். ஆகவே கேட்கிறேன். நலமா?

அங்கே கண் பயிற்சி நிலையத்தில் இதை உனக்குப் படித்துக் காட்டப்போகும் மாரித் அவர்களுக்கும் என் வணக்கம். மாரித், இந்த இடத்தில் ஃபெம்மி உங்களை நிறுத்தி, "இதை யாரு எழுதிக் குடுத்தா? எம் பொண்ணா?" என்று கேட்பாள். இல்லை என்று சொல்லுங்கள். எழுதுவது லுப்பர்ட், அவள் புருஷன். சமையலறை மேசையில் உட்கார்ந்து, நீலப் பேனாவால், என் கையாலேயே எழுதுகிறேன். நூலகத்தில் ஹில்லி என்ற ஆசிரியை பிழை திருத்தித் தருவார், மற்றதெல்லாம் என்னுடையது. அவள் நம்பாவிட்டால் தாளைத் திருப்பிக் கையில் கொடுத்துத் தடவச் சொல்லுங்கள். நான் பேனாவை அழுத்துகிற அழுத்தில் எழுத்தெல்லாம் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. மற்றவர்களுக்கு அப்படி வருவதில்லை.

ஃபெம்மி, இரண்டு குளிர்காலமாக வியாழக்கிழமை மதியங்களில் நான் சீட்டாடப் போகவில்லை. நூலகத்துக்குப் போனேன். உன் கண்ணுக்கு நடுவில் சாம்பல் நிறப் புள்ளி வந்திருக்கிறது, அது பெருகத்தான் செய்யும் என்று மருத்துவர் சொன்ன வாரமே போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். "ஜெயிக்கவும் மாட்டேங்கிற, தோக்கவும் மாட்டேங்கிற, அப்படி என்னய்யா சீட்டு ஆடுறீங்க?" என்று ஒருமுறை கேட்டாயே, இதுதான் அந்த ஆட்டம். சரக்குப் படகில் பிறந்தவனுக்குத் துறைக்கு ஒரு பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும் கடைசி பெஞ்சு. வாத்தியார் என் பெயரைக் கேட்டு முடிப்பதற்குள் அப்பா நங்கூரத்தைத் தூக்கிவிடுவார். விட்டுப்போன பாடத்தை எழுபத்தாறு வயதில் போய் எடுத்தேன், அவ்வளவுதான்.

நீ கிளம்பிய அன்று காரில் உட்கார்ந்துகொண்டு சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "ஒரு வீட்டுல ஒருத்தராவது படிக்கத் தெரிஞ்சவங்க வேணும், லுப்பர்ட். மாத்திரை டப்பா இருக்கு, நகராட்சிக் கடுதாசி இருக்கு. நாம ரெண்டு பேரும் சேர்ந்தாலும் ஒரு டப்பாவைப் படிக்க முடியாது." ரொலீனாவும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "அம்மா சொல்றது நெசந்தான்பா" என்றாள். கண் பயிற்சி முடிந்ததும் நீ இங்கே வராமல் ஸ்வோல்ல ஊரில் அந்த முதியோர் இல்லத்து அறைக்கே போய்விடுவதாகப் பேச்சு. ஒற்றைக் கட்டில் போட்ட அறை. மாதக் கடைசிக்குள் நீ சரி என்று சொல்ல வேண்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து காபி குடிக்க அனுமதி உண்டாம்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. மாத்திரை டப்பாவை அப்போதே என்னால் படிக்க முடியும். ஆனால் டப்பாவில் எழுத்து நின்றுகொண்டிருக்கிறது. நிற்கிற எழுத்தைப் படிப்பது கட்டிப்போட்ட மாட்டைப் பிடிப்பது மாதிரி. நம் வீட்டில் எழுத்து என்றால் படத்துக்குக் கீழே வருகிற எழுத்துதான். அது நிற்காது. நாற்பது வருடம் வெளிநாட்டுப் படங்களில் நம் மொழியில் ஓடும் அந்த எழுத்தை எனக்காக வாய்விட்டுப் படித்தவள் நீ. அதை நான் உனக்குப் படித்துக் காட்டினால்தான் இந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லலாம். நானே எனக்கு வைத்துக்கொண்ட பரீட்சை இது. அதனால் நீ சந்தையில் வாங்கிக் குவித்த டிவிடிப் பெட்டியை இறக்கி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் போட்டது ரயில் நிலையத்துப் பிரெஞ்சுப் படம். ஒவ்வொரு வரி வந்ததும் ரிமோட்டில் நிறுத்தி, படித்து, மறுபடி ஓடவிட்டேன். படம் நான்கு நாள் ஓடியது. பக்கத்து வீட்டுக் கூப் தினமும் காபிக்கு வருகிறான், அவனைத்தான் உனக்குத் தெரியுமே. மூன்றாம் நாள் திரையைப் பார்த்துவிட்டு, "ஏன்யா, நேத்து தூக்குன கோப்பையை அந்தாளு இன்னும் கீழ வைக்கலையா? கை கடுக்காதா அவனுக்கு?" என்றான். வழக்கம்போல ஒரு பிஸ்கட் கொடுத்ததும் பிஸ்கட் டப்பாவை மூடிவிட்டேன்.

அந்தப் படத்தைப் பற்றி என் அபிப்பிராயம்: அவர்கள் இவ்வளவு நாள் பெரிய தத்துவம் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி நேரம் சாப்பாடு பேசுகிறார்கள். வெண்ணெய் கூடிவிட்டது, ஒயின் புளித்துவிட்டது என்று. அப்புறம் அந்தப் பெண் நடைமேடையில் அவனிடம் நீளமாகப் பேசுவாளே, நீ "காதல் பேச்சு, உனக்கு வேண்டாம்" என்று தள்ளிவிட்ட இடம், அதையும் படித்தேன். அவ்வளவு மோசமில்லை. இரண்டு தரம் படித்தேன்.

புதன்கிழமை

நேற்று கை வலித்ததால் நிறுத்தினேன். இன்று பட்டாணி சூப் வைத்தேன், கரண்டி நிற்கிற பதத்துக்கு வந்துவிட்டது. மழை. படகுத் துறையில் யாரும் இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாரித், இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், அவள் முகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். முகம் சிவந்தால் எனக்குச் சொல்ல வேண்டும்.

ஃபெம்மி, இத்தாலிக்காரன் படத்தைப் போட்டேன். கிழவன் தன் மீன்பிடிப் படகை விற்கிற படம். நாம் நம் படகை விற்பதா வேண்டாமா என்று நான் சோறு இறங்காமல் திரிந்த வருடம் அதைப் பார்த்தோம். துறையில் கிழவன் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, கடலைப் பார்த்தபடி ஒன்று சொல்வான். நீ படித்தாய்: "கரையிலயும் காத்து வீசத்தான் செய்யுது. படகை வித்தவன் செத்தவன் இல்ல."

அது எனக்குள் இறங்கிய இறக்கம் உனக்குத் தெரியும். அடுத்த வாரம் படகை விற்கக் கையெழுத்துக்குப் பதிலாக என் கிறுக்கலைப் போட்டேன். அதற்குப் பிறகு படகு விற்ற ஒவ்வொருவனுக்கும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். என் மைத்துனன் படகு போனபோது சொன்னேன். துறைமுகத் தலைவரின் பிரிவு விருந்தில் எழுந்து நின்று, "இத்தாலியில ஒரு மீன்காரன் சொன்னான்" என்று ஆரம்பித்துச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீயும் தட்டினாய்!

சரி. அந்த இடம் வந்தது. மரப்பெட்டி, தொப்பி, கடல். கீழே எழுத்து வந்தது. நிறுத்திப் படித்தேன். தப்பாகப் படிக்கிறேன் என்று பின்னுக்கு ஓட்டி மறுபடி படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். பிறகு போய்க் கூப்பை இழுத்துவந்து, திரைக்கு முன் நிறுத்தி, "படி" என்றேன்.

அவன் படித்தான். "இது நேத்தைய மீன். பூனைக்குப் போடு."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"இருக்கே. 'பூனைகூடத் தின்னாது'ன்னு அந்தப் பையன் சொல்றான். ஏன்யா, என்னாச்சு உனக்கு?"

கரையும் இல்லை, காற்றும் இல்லை. பழைய மீன்!

மூச்சு முட்டச் சிரித்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கூப் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ரொலீனாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான். அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சூப் சாப்பிடும்போது மறுபடி சிரிப்பு வந்தது. தட்டைக் கழுவும்போது சிரிப்பு வரவில்லை. அந்த வருடம் நான் உன் பேச்சையோ ரொலீனா பேச்சையோ கேட்கிற நிலையில் இல்லை. நீ நேராகச் சொல்லியிருந்தால் எழுந்து படகுக்குப் போயிருப்பேன். அதனால் இத்தாலியிலிருந்து ஆளைக் கூட்டிவந்து சொல்ல வைத்தாய்.

மாரித், ஒரு வேண்டுகோள். நீங்களாவது எழுதியதை எழுதியபடி படியுங்கள். இந்தக் குடும்பத்தில் சத்தம் போட்டுப் படிப்பவர்களை நம்ப முடியாது என்று தெரிந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டேன். இனி ஒரு படத்தையும் விடுவதாக இல்லை.

பாலைவனத்துப் போலீஸ்காரன் படம். சாகக்கிடக்கிற கொள்ளைக்காரனிடம் அவன் குனிந்து, "நெஞ்சு வலியை மறைக்கிறவன் வீரன் இல்ல, மடையன்" என்றானே. குதிரையில் போகிறவனே இப்படிச் சொல்கிறான் என்றுதான் நான் டாக்டரிடம் போனேன், அவர்கள் நெஞ்சு ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்று படித்தேன். பணத்தை எங்கே புதைத்தாய் என்று கேட்கிறான், வேறொன்றும் கேட்கவில்லை.

டென்மார்க்கு அக்கா தங்கை படம். ரொட்டிக்கடையில் அக்கா அழுதுகொண்டே, "வீட்டுக்குள்ள வரும்போது பூட்ஸைக் கழட்டினா கொறஞ்சா போயிடுவான்?" என்பாள். அது எனக்கு அப்போதே கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. அந்தப் படத்தில் ஆம்பளையே கிடையாதே!

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உன் படங்கள்தான் நல்ல படங்கள். உண்மையான படங்களில் பேச்சு சுமாராகத்தான் இருக்கிறது. போலீஸ்காரன் படத்தில் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள், யாருக்கும் புத்தி இல்லை. உன் போலீஸ்காரனுக்குப் புத்தி இருந்தது.

இதற்கிடையில் ஒரு கூத்து. நம் ஜன்னல் திரைச்சீலை எப்போதும் திறந்துதானே இருக்கும். நான் தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்து உரக்கப் பேசுவதை எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டு, ரொலீனாவுக்குத் தொலைபேசி செய்துவிட்டாள். அவள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், "அப்பா, இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க" என்கிறாள். "வியாழன். உக்காரு" என்றேன். அவளுக்கும் நான் இதுவரை சொல்லியிருக்கவில்லை. வீட்டிலிருக்கிற மாத்திரை டப்பா ஒவ்வொன்றையும் எடுத்துப் படித்துக் காட்டினேன். எதைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது, எதை வண்டி ஓட்டும்போது போடக்கூடாது என்பது வரைக்கும். நகராட்சிக் கடிதத்தையும் படித்தேன். குப்பை எடுக்கும் நாள் மாறியிருக்கிறது.

அவள் கோட்டைக் கழற்றினாள். "எங்க, இன்னொரு தடவை படிங்கப்பா" என்றாள். குப்பைக் கடிதத்தையே மறுபடி படித்தேன். அதற்கு அழுதாள். குப்பைக் கடிதத்துக்கு அழுத முதல் ஆள் இந்த ஊரில் நம் பெண்ணாகத்தான் இருப்பாள்.

போகும்போது சொன்னாள், "நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். அறை வேணுமா வேணாமான்னு அம்மாவே சொல்லட்டும்." எனக்கு அது போதும்.

திங்கள்கிழமை

நேற்று தொலைபேசியில் நீ அங்கே இருக்கும், படத்தின் எழுத்தைப் படித்துச் சொல்கிற இயந்திரத்தைப் பற்றிச் சொன்னாய். "கட்டிக்கிறவனுக்கும் அதே குரல், கழுத்தை நெரிக்கிறவனுக்கும் அதே குரல். யாரு செத்தான்னே தெரியல. ஆனா ஒரு வரி விடாமப் படிக்குது" என்றாய். நான் உம் உம் என்று கேட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் ரோஷம் வந்துவிட்டது. இன்று ரிமோட்டைச் சமையலறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

கூப் வந்ததும் அவனை நாற்காலியில் திரைக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். "கண்ண மூடிக்க. நீதான் இன்னிக்கு ஃபெம்மி" என்றேன். "அப்படின்னா எனக்கு ரெண்டு பிஸ்கட்" என்றான். கொடுத்தேன், அவசியம் அப்படி.

நான் இதுவரை பார்க்காத ஸ்வீடன் படம், நூலகத்தில் எடுத்தது. மளிகைக்கடைக்காரன் ஒருவனுக்குக் கடையை மூட வேண்டிய நிலை. ஆரம்பத்தில் தோற்றேன். ஒரு வரியை நான் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து, போய், அதற்கடுத்ததும் வந்துவிடுகிறது. கூப் கண்ணை மூடியபடியே, "இப்பப் பேசறது பொண்ணா ஆம்பளையா? ஒழுங்காச் சொல்லுய்யா, சந்தைக்கடை மாதிரி இருக்கு" என்று திட்டினான். வியர்த்துவிட்டது. வெள்ள நேரத்தில் மதகுக்குள் படகை நுழைக்கிற மாதிரி. எழுந்து நிறுத்திவிடலாம் என்று பார்த்தால் ரிமோட் அலமாரியில்.

அப்போதுதான் உன்னை நினைத்துப் பார்த்தேன். நீ எல்லா வரியையும் படித்ததே இல்லை. எழுத்தை ஒருமுறை பார்ப்பாய், முகத்தை ஒருமுறை பார்ப்பாய், தேவையானதைச் சொல்வாய். மற்றதை விட்டுவிடுவாய். நானும் விட ஆரம்பித்தேன். வரியைக் கண்ணால் அள்ளிக்கொண்டு, "அவ போகச் சொல்றா, இவன் மாட்டேங்கிறான்" என்றேன். பெண் பேசினால் குரலைக் கொஞ்சம் தூக்கினேன். கூப் பேச்சை நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் பிஸ்கட்டையும் கையிலேயே வைத்துக்கொண்டு, "அப்புறம்? கடைய மூடிட்டானா?" என்று கேட்டான். ஃபெம்மி, அந்த "அப்புறம்" என் காதில் விழுந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. எழுத வந்து இரண்டு வருடந்தானே ஆகிறது.

ஆனால் ஒரு குறும்பு செய்துவிட்டேன். கடைக்காரன் சரக்கு அடுக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரனிடம் ஏதோ சொன்னான். எழுத்து வேகமாகப் போய்விட்டது, நான் பிடிக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல், "போன வசந்தத்துல வாங்கிட்டுப் போன ஏணிய எப்பத் திருப்பிக் குடுப்ப?" என்று படித்தேன்.

கூப் ஒரு கண்ணைத் திறந்தான். "அப்படியா போட்டிருக்கு?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"ஸ்வீடன்லயுமா!" என்றான், கண்ணை மூடிக்கொண்டான். படம் முடிந்து போய்விட்டான். சாயங்காலம் வெளியே பார்த்தால் நம் ஏணி சுவரில் சாய்ந்து நிற்கிறது, துடைத்து வேறு வைத்திருக்கிறான். இந்த வித்தைக்கு எவ்வளவு பலம் என்று அப்போதுதான் புரிந்தது. உன் கையில் இது நாற்பது வருடம் இருந்திருக்கிறது. நீ கேட்டதோ, நான் டாக்டரிடம் போக வேண்டும், பூட்ஸைக் கழற்ற வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சனிக்கிழமை ரொலீனா காரோடு வருவாள். நீ சம்மதித்தால் இரண்டு நாள் இங்கே இருந்துவிட்டுப் போகலாம், பயிற்சிக்குக் குந்தகம் இல்லை என்று கேட்டுவிட்டோம். இரண்டு பேரும் பார்க்காத ஒரு போர்ச்சுகல் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அட்டையில் ஒரு கிழவியும் ஒரு கழுதையும். நான் நிறுத்தாமல் படிப்பேன். மூன்றில் ஒரு வரி என்னிடமிருந்து தப்பிப் போய்விடும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த இயந்திரம் ஒரு வரி விடாது, அதில் நான் அதற்கு ஈடில்லை. நான் விட்ட இடத்தில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நீ சொல். நீ சொல்வது படத்தைவிட நன்றாகவே இருக்கும், எனக்குச் சாட்சி உண்டு. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு டப்பாவைப் படிக்க முடியாது என்றாய். ஒரு படத்தைப் படித்துவிடலாம் என்று நான் சொல்கிறேன். படித்துப் பார்த்துவிட்டு அந்த அறைக்குப் பதில் சொல். அதற்கு முன் சொல்லாதே.

சனிக்கிழமை வரை காத்திருந்து, அந்தக் கழுதைக்காரியின் வாயில் வைத்தே உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று நேற்றிரவு வரை திட்டம் போட்டேன். அவள் கழுதையின் கழுத்தைத் தடவியபடி சொல்வது மாதிரி, இரண்டு வரி யோசித்தும் வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது எனக்கு எழுத்து தெரியும். போர்ச்சுகல்காரி எதற்கு?

ஃபெம்மி, வீட்டுக்கு வா.

உன் கண்ணில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தைக் கடவுள் காக்கட்டும். மாரித் அவர்களின் தொண்டைக்கும் நலம் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தன் பெயரைத் தானே எழுதும்
உன் லுப்பர்ட்